‘லாங்கர் தேன்’ முதல் ‘டூ ஹாட்’ வரை: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுச் சொல்லும் முறை

பெங்களூர் மெட்ரோவில் பர்பிள் லைன் சல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை சுமார் 43 கிலோமீட்டர். மாதாவராவிலிருந்து சில்க் இன்ஸ்டிடியூட் போகும் கிரீன் லைன் சுமார் 33 கிலோமீட்டர். தமிழில் இதை “கிரீன் லைனைவிட பர்பிள் லைன் நீளம்” என்று சொல்லிவிடுகிறோம். ஒப்பீட்டின் பாரம் முழுவதையும் ‘விட’ தாங்குகிறது. ‘நீளம்’ என்ற சொல்லில் எந்த மாற்றமும் இல்லை.

ஆங்கிலத்தில் அடையாளம் இரண்டு இடத்தில் வேண்டும். ‘விட’வுக்கு நிகராக ‘தேன்’ வரவேண்டும். பண்பைச் சொல்லும் சொல்லும் மாறவேண்டும். “தி பர்பிள் லைன் இஸ் லாங்கர் தேன் தி கிரீன் லைன்.” நம்மவர்கள் ‘தேன்’ போட மறப்பதே இல்லை, அது ‘விட’வின் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. தவறுவது இன்னொரு அடையாளம்தான். “லாங் தேன்”, “சீப் தேன்”, “பிக் தேன்” என்று வாயில் வருவது அதனால்தான்.

இந்த ஊரில் இத்தவறு நீண்ட காலம் திருத்தப்படாமலே தங்கிவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. கன்னடத்தில் “நனகிந்த தொட்டவனு”, தெலுங்கில் “நாகண்டே பெத்தவாடு”, இந்தியில் “முஜ்ஸே படா”. எல்லாவற்றிலும் ஒட்டு பெயரின் மேல்தான். ‘பெரிய’ என்பது அப்படியே நிற்கிறது. பக்கத்து சீட்டுக்காரரின் தாய்மொழியும் நம்முடையதைப் போலவே நடப்பதால் “திஸ் ரூட் இஸ் ஃபாஸ்ட் தேன் தட்” என்று சொன்னால் அவர் காதில் உறுத்தாது. வெளிநாட்டு கிளையன்ட்டுக்கும் நேர்காணல் எடுப்பவருக்கும் உறுத்தும்.

மெயில் அனுப்பும் முன் செய்யக்கூடிய சோதனை இது. கண்ட்ரோல்-எஃப் அழுத்தி ‘தேன்’ எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடது பக்கம் பாருங்கள். அங்கே ஈ.ஆர். என்று முடியும் சொல்லோ, ‘மோர்’ அல்லது ‘லெஸ்’ஸோ, ‘வொர்ஸ்’ போன்ற தனி வடிவமோ இருக்கவேண்டும். ‘அதர்’, ‘ராதர்’ இரண்டும் இருந்தாலும் சரி. இவை எதுவும் இல்லையென்றால் அந்த வாக்கியம் தவறு. அப்படியே ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தென்’னையும் தேடிப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு உரியதில் மூன்றாம் எழுத்து ஏ, பிறகுக்கு உரியதில் ஈ. “பெட்டர் தென்” என்று ஈ போட்டு எழுதியிருந்தால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் பல சமயம் அதை விட்டுவிடும், இரண்டும் சரியான சொற்கள்தானே.

ஈ.ஆர். ஒட்டா, மோரா?

சொல்லில் எத்தனை அசை (ஆங்கிலத்தில் ‘சிலபிள்’, ஒரே மூச்சில் ஒலிக்கும் துண்டு) என்பதை வைத்து முடிவெடுங்கள். ஓரசைச் சொல் என்றால் ஈ.ஆர்., ஈ.எஸ்.டி.: சீப், சீப்பர், சீப்பஸ்ட். மூன்றும் அதற்கு மேலும் என்றால் மோர், மோஸ்ட்: மோர் எக்ஸ்பென்ஸிவ், மோஸ்ட் கன்வீனியன்ட். (‘அன்ஹேப்பி’ மாதிரி முன்னொட்டால் நீண்ட சொற்கள் விலக்கு: அன்ஹேப்பியர்.) இடையில் இருக்கும் ஈரசைச் சொற்கள்தான் குழப்பும். ஒய் எழுத்தில் முடிந்தால் ஈ.ஆர். பக்கம்: பிஸியர், ஈஸியர், ஹெவியர். சிம்பிள், நேரோ, க்ளெவர் போன்றவையும் அப்படியே. மாடர்ன், யூஸ்ஃபுல், கேர்ஃபுல், போரிங் எல்லாம் மோர். கொயட், பொலைட், கம்மன் இரண்டு வழியிலும் போகும். ஈரசைச் சொல்லில் சந்தேகம் வந்தால் ‘மோர்’ போடுங்கள். மோர் ஹெவி என்பது கொஞ்சம் இடறும், ஆனால் ‘யூஸ்ஃபுல்லர்’ அளவுக்கு இடறாது. ‘டயர்டு’, ‘போர்டு’ போல வினையிலிருந்து வந்தவற்றுக்கு நீளம் பார்க்காமல் ‘மோர்’ போடலாம்.

எழுத்தில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஓரசைச் சொல் ஓர் உயிரெழுத்தும் அதற்குப் பின் ஒரே மெய்யெழுத்துமாக முடிந்தால் அந்த மெய் இரட்டிக்கும்: பிக் என்பதில் ஜி இரண்டாகும், ஹாட் என்பதில் டி இரண்டாகும். கிளீன் என்பதில் உயிர் இரண்டு, கோல்டு என்பதில் மெய் இரண்டு. எனவே அவற்றில் இரட்டிப்பு இல்லை. டபிள்யூ எப்போதும் இரட்டிக்காது, நியூ, ஸ்லோ இரண்டையும் பார்க்கலாம். மெய்க்குப் பின் வரும் ஒய், ஐ ஆகும். உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி: லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர் மூன்றிலும் ‘ங்க’ அழுத்தமாகவே ஒலிக்கவேண்டும். தமிழ் நாக்கு அப்படித்தான் சொல்லும், அதை மாற்றவேண்டாம்.

தனி வடிவம் எடுப்பவை சிலவே. குட், பெட்டர், பெஸ்ட். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். மச், மெனி இரண்டுக்கும் மோர், மோஸ்ட். ஃபார் என்பதற்கு ஃபார்தர், ஃபர்தர் இரண்டும் உண்டு. தூரத்துக்கு இரண்டும் சரி, “மேற்கொண்டு” என்ற பொருளுக்கு ஃபர்தர் மட்டும்.

இதில் ‘பெட்டர்’ தனியாகப் பேசவேண்டிய சொல். அது தமிழுக்குள் வந்து வெகுநாளாகிவிட்டது. “அதைவிட இது பெட்டர்”, “இன்னும் கொஞ்சம் பெட்டரா பண்ணுங்க” என்று புழங்கிப் புழங்கி ‘நல்லது’ என்ற அளவுக்கு அதன் ஒப்பீட்டுப் பொருள் தேய்ந்துபோயிற்று. அதனால்தான் ஆங்கிலம் பேசும்போது ‘இன்னும்’ என்பதற்காக ‘மோர்’ சேர்த்து “மோர் பெட்டர்” என்கிறோம். ஒரே சொல்லுக்கு இரண்டு அடையாளம் ஆங்கிலம் ஏற்காது. உங்கள் மனதில் இருக்கும் ‘இன்னும்’ எது என்று பாருங்கள். முதலாவதே நன்றாக இருந்து இரண்டாவது அதையும் தாண்டினால் “ஈவன் பெட்டர்”. வித்தியாசம் பெரிதென்றால் “மச் பெட்டர்”. சிறிதென்றால் “எ லிட்டில் பெட்டர்”. “கம்பேரட்டிவ்லி பெட்டர்” என்பதும் இதே இரட்டைச் சுமைதான், ‘பெட்டர்’ போதும். “கம்பேரிங் டு சென்னை” என்று தொடங்குவதும் வேண்டாம், “கம்பேர்டு டு” அல்லது “கம்பேர்டு வித்”.

‘ரொம்ப’ போகும் நான்கு இடங்கள்

தமிழில் ‘ரொம்ப’ எல்லா இடத்திலும் நின்று வேலை செய்யும். ஆங்கிலத்தில் அதை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்மவர் ஆங்கிலத்தில் அதிகமாகப் பொருள் மாறிப்போவது இங்கேதான், இலக்கணப் பாடத்தில் இதற்குப் பெரும்பாலும் அரைப் பக்கம்கூடக் கிடைப்பதில்லை.

வெறும் அளவு என்றால் ‘வெரி’. “இட்ஸ் வெரி ஹாட் டுடே.” வெயில் ரொம்ப, அவ்வளவுதான்.

அளவை மீறியதால் ஏதோ ஒன்று நடக்கவில்லை என்றால் ‘டூ’. “தி காஃபி இஸ் டூ ஹாட் டு டிரிங்க்” என்றால் குடிக்க முடியாத சூடு. பின்னால் ஒரு ‘முடியாது’ ஒளிந்திருக்கிறது. இதனால்தான் பாராட்டும்போது “யுவர் டிசைன் இஸ் டூ குட்” என்று எழுதினால் இங்குள்ளவர்களுக்குப் பாராட்டாகப் புரிவது வெளியே இருப்பவருக்கு வேறுமாதிரி படும். தேவைக்கு மீறிப் போய்விட்டதாகவோ, நம்பும்படி இல்லையென்றோ நினைக்கக்கூடும். பாராட்டுக்கு ‘ரியலி குட்’ போடுங்கள். வீடு பார்க்கையில் “தி ரெண்ட் இஸ் வெரி ஹை” என்றால் அதிகம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். “டூ ஹை ஃபார் அஸ்” என்றால் எங்களால் முடியாது என்கிறீர்கள். பேரம் தொடங்குவது இரண்டாவதிலிருந்துதான்.

ஒப்பிடும் சொல்லுக்கு முன்னால் ‘வெரி’ வரவே வராது. “வெரி சீப்பர்” தவறு. அங்கே மச், ஃபார், எ லாட்: “கே.ஆர்.புரம் இஸ் மச் சீப்பர் தேன் இந்திராநகர்.” எல்லாவற்றிலும் மிஞ்சியது என்றால் ‘பை ஃபார்’: “பை ஃபார் தி சீப்பஸ்ட்.”

ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொற்கள் நான்காவது. ஹியூஜ், எக்ஸலன்ட், ஃப்ரீஸிங், இம்பாஸிபிள் போன்றவை தமக்குள்ளேயே ‘ரொம்ப’வை வைத்திருக்கின்றன. “வெரி எக்ஸலன்ட்” என்றால் அது இரண்டாகிவிடுகிறது. அவற்றுக்கு முன்னால் ‘ஆப்ஸல்யூட்லி’ போடுங்கள். ‘ஃபுல்’, ‘எம்ட்டி’ போன்றவற்றுக்கு முன்னால் ‘கம்ப்ளீட்லி’. அந்தச் சொல்லுக்குக் கூடுதல் குறைவு சொல்லமுடியுமா என்று பாருங்கள். குளிர் கூடும், குறையும், எனவே ‘கோல்டு’ ‘வெரி’யை ஏற்கும். முடியாதது என்றால் முடியாதது, அதில் பாதி முடியாதது இல்லை. ‘யுனீக்’, ‘பர்ஃபெக்ட்’ இரண்டையும் கண்டிப்பானவர்கள் இந்த வரிசையில்தான் வைப்பார்கள். ஆனால் 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகப்புரையிலேயே ‘மோர் பர்ஃபெக்ட்’ இருக்கிறது, எனவே அதைக் கண்டு பிறரைத் திருத்தப் போகவேண்டாம்.

‘கொஞ்சம்’ பற்றியும் எச்சரிக்கை தேவை. ‘எ பிட்’ என்பதைத் தனிச் சொல்லோடு சேர்த்தால் குறை சொல்லும் தொனி வரும். “எ பிட் எக்ஸ்பென்ஸிவ்”, “எ பிட் நாய்ஸி” இயல்பு. “எ பிட் குட்” என்று யாரும் சொல்வதில்லை. ஒப்பிடும் வடிவத்தோடு சேரும்போது இந்தத் தடை இல்லை: “எ பிட் பெட்டர்” சரி. ‘பரவாயில்லை’ என்ற அளவுக்கு ‘ஃபேர்லி குட்’. ‘குவைட் குட்’ ஆளைப் பொறுத்து மாறும்: பிரிட்டிஷ்காரர் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவில் சொல்வார், அமெரிக்கர் ‘நன்றாகவே இருக்கிறது’ என்ற அளவில். இரு நாட்டு கிளையன்ட்டுகளோடும் வேலை செய்பவர்கள் மதிப்பீட்டு மெயிலில் இச்சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

‘போதுமான’வுக்கு ‘இனஃப்’, ஆனால் இடம் வேறு. பெயருக்கு முன்னால் வரும்: “இனஃப் ஸ்பேஸ்.” பண்புச் சொல்லுக்குப் பின்னால் வரும்: “பிக் இனஃப்.” “இனஃப் பிக்” என்பது தமிழ் வரிசை. “சின்னச் சின்ன ரூம்” என்பதை “ஸ்மால் ஸ்மால் ரூம்ஸ்” என்று அடுக்குவதும் ஆங்கிலத்தில் இல்லை. “ஸெவரல் ஸ்மால் ரூம்ஸ்” அல்லது “டைனி ரூம்ஸ்”, எது உங்கள் மனதில் இருந்ததோ அது.

எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

“சென்னையைவிட பெங்களூர்ல வாடகை அதிகம்.” தமிழில் குறையே இல்லாத வாக்கியம். இதை அப்படியே வைத்து “தி ரெண்ட் இன் பெங்களூர் இஸ் ஹையர் தேன் சென்னை” என்றால் ஒரு வாடகையை ஒரு நகரத்தோடு ஒப்பிட்டதாகிறது. ‘இன்’ சேர்த்தாலே சரியாகிவிடும்: “ஹையர் தேன் இன் சென்னை.” பன்மையில் “தி ரெண்ட்ஸ் இன் பெங்களூர் ஆர் ஹையர் தேன் தோஸ் இன் சென்னை.” சம்பளப் பேச்சிலும் இதே கதி. “மை சேலரி இஸ் லோயர் தேன் ஹிம்” என்றால் சம்பளம் ஆளோடு மோதுகிறது. “தேன் ஹிஸ்” என்று முடியுங்கள். நேர்காணலில் “ஐ யாம் மோர் கம்ஃபர்டபிள் வித் பைத்தான் தேன் வித் ஜாவா” என்று இரண்டு பக்கமும் ‘வித்’ வைத்துச் சொன்னால் வாக்கியம் நேராக நிற்கும்.

இங்கேயே இன்னொன்று. பொருள்தான் சீப், எக்ஸ்பென்ஸிவ். வாடகை, விலை, சம்பளம் எல்லாம் ஹை, லோ. “தி ஃப்ளாட் இஸ் சீப்பர்”, “தி ரெண்ட் இஸ் லோயர்”. பேச்சில் கலந்தாலும் எழுத்தில் பிரித்து வையுங்கள்.

“ஷீ ஹெல்ப்ஸ் யூ மோர் தேன் மீ” என்பதற்கு இரண்டு பொருள் வரும். நான் உதவுவதைவிட அவள் அதிகம் உதவுகிறாள் என்றால் கடைசியில் “தேன் ஐ டூ”. எனக்கு உதவுவதைவிட உனக்கு என்றால் “தேன் ஷீ ஹெல்ப்ஸ் மீ”.

எண் வந்தால்

லால்பாக் 1760இல் ஹைதர் அலி காலத்தில் தொடங்கியது, கப்பன் பார்க் 1870இல். “கப்பன் பார்க்கைவிட லால்பாக் 110 வருஷம் பழசு.” ஆங்கிலத்திலும் எண் பண்புச் சொல்லுக்கு முன்னால்தான் நிற்கிறது: “லால்பாக் இஸ் 110 இயர்ஸ் ஓல்டர் தேன் கப்பன் பார்க்.” ‘விட’ பகுதி மட்டும் கடைசிக்குப் போகிறது. “ஓல்டர் தேன் கப்பன் பார்க் 110 இயர்ஸ்” என்று எண்ணை வாலில் தொங்கவிட்டால் தவறு. அங்கே வைத்தே ஆகவேண்டும் என்றால் முன்னால் ‘பை’ வேண்டும்.

மடங்கு சொல்ல ‘ஆஸ்... ஆஸ்’. யெல்லோ லைன் ஏறக்குறைய 19 கிலோமீட்டர், எனவே “தி பர்பிள் லைன் இஸ் மோர் தேன் ட்வைஸ் ஆஸ் லாங் ஆஸ் தி யெல்லோ லைன்.” விலைப்புள்ளி எழுதுகிறவர்கள் “த்ரீ டைம்ஸ் மோர்” என்று எழுதாதீர்கள். 100 ரூபாய்க்கு அது 300 என்று ஒருவரும், பழைய 100ஐயும் கூட்டி 400 என்று இன்னொருவரும் படிப்பார்கள். “த்ரீ டைம்ஸ் ஆஸ் மச்” என்றால் 300 மட்டும்தான். ‘ட்வைஸ் சீப்பர்’ என்பதற்குப் பதில் ‘ஹாஃப் தி பிரைஸ்’.

குறைவைச் சொல்ல ‘லெஸ்’ இருந்தாலும் சிறு சொற்களோடு அது ஒட்டாது. ‘லெஸ் பிக்’ என்பதைவிட ‘ஸ்மாலர்’ அல்லது ‘நாட் ஆஸ் பிக் ஆஸ்’ இயல்பு. இந்த ‘நாட் ஆஸ்’ மரியாதைக்கும் உதவும். குழுவில் ஒருவர் எழுதியதைக் குறை சொல்லவேண்டி வந்தால் “வொர்ஸ் தேன் தி லாஸ்ட் ஒன்” சுடும். “நாட் ஆஸ் க்ளியர் ஆஸ் தி லாஸ்ட் ஒன்” என்றால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

‘தேன்’ வராத ஒரு சிறு கூட்டம் உண்டு. லத்தீனிலிருந்து வந்த சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை ‘டு’ கேட்கும்: “ஷீ இஸ் த்ரீ இயர்ஸ் சீனியர் டு மீ.” ‘ப்ரிஃபர்’ என்ற வினைக்கும் ‘டு’தான்: “ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி.” அண்ணன், அக்காவைச் சொல்லும் ‘எல்டர்’ பெயருக்கு முன்னால் மட்டும் நிற்கும். “மை எல்டர் சிஸ்டர்” சரி, “எல்டர் தேன் மீ” தவறு, அங்கே “ஓல்டர் தேன் மீ”. மூத்த அக்கா, நடு அக்கா என்று இருவர் இருந்தால் இருவருமே “மை எல்டர் சிஸ்டர்”தான், மூத்தவரைப் பிரித்துச் சொல்ல “மை எல்டஸ்ட் சிஸ்டர்”.

எல்லாவற்றிலும் மேலானது

“இருப்பதிலேயே” என்று நாம் சொல்லும் இடத்தில் ஈ.எஸ்.டி. அல்லது மோஸ்ட், முன்னால் ‘தி’. ‘மை’, ‘அவர்’ போல உடைமை வந்தால் ‘தி’ போய்விடும்: “அவர் பெஸ்ட் ஆஃபர்.” இடத்துக்கோ குழுவுக்கோ ‘இன்’, எண்ணிச் சொல்லும் கூட்டத்துக்கு ‘ஆஃப்’: முல்லையனகிரி “தி ஹையஸ்ட் பீக் இன் கர்நாடகா”, பர்பிள், கிரீன், யெல்லோ மூன்றில் பர்பிள் “தி லாங்கஸ்ட் ஆஃப் தி த்ரீ”. இரண்டே இருந்தால் கண்டிப்பான எழுத்தில் ‘தி பெட்டர் ஆஃப் தி டூ’. பேச்சில் ‘பெஸ்ட்’ என்றாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ‘ஒன் ஆஃப் தி’ என்று தொடங்கினால் பெயர் பன்மை, கட்டாயம். “ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஹாஸ்பிட்டல்ஸ்” என்பதில் அந்தக் கடைசி எஸ் விழுங்கப்படுவதைக் கன்டோன்மென்ட் முதல் எலக்ட்ரானிக் சிட்டி வரை நாள்தோறும் கேட்கலாம்.

பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரே வாக்கியத்தை உச்ச நிலை (ஹையஸ்ட்), ஒப்பிடும் நிலை (ஹையர்), சாதாரண நிலை (ஹை) என்று மூன்று நிலைகளிலும் மாற்றச் சொல்வார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு மலைகளே நல்ல உதாரணம், பொருள் தவறினால் உடனே தெரிந்துவிடும். தொட்டபெட்டா தமிழ்நாட்டிலேயே உயரம், 2,637 மீட்டர். “தொட்டபெட்டா இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் தமிழ்நாடு.” “தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் தமிழ்நாடு.” “நோ அதர் பீக் இன் தமிழ்நாடு இஸ் ஆஸ் ஹை ஆஸ் தொட்டபெட்டா.” இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ‘அதர்’ விட்டுப்போனால் மதிப்பெண் போகும், ஏனென்றால் தொட்டபெட்டாவும் தமிழ்நாட்டுச் சிகரம்தான், அது தன்னைவிடவே உயரமாக இருக்கமுடியாது. கர்நாடகச் சிகரங்களோடு ஒப்பிட்டால் அந்தச் சிக்கல் இல்லை: “ஹையர் தேன் எனி பீக் இன் கர்நாடகா”, இங்கே ‘அதர்’ சேர்த்தால்தான் தவறு.

‘ஒன் ஆஃப் தி’ வாக்கியத்துக்கு அச்சு வேறு. “மும்பை இஸ் ஒன் ஆஃப் தி லார்ஜஸ்ட் சிட்டீஸ் இன் இண்டியா” என்பது ஒப்பிடும் நிலையில் “மும்பை இஸ் லார்ஜர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இண்டியா”. சாதாரண நிலையில் “வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இண்டியா ஆர் ஆஸ் லார்ஜ் ஆஸ் மும்பை”. ‘எனி அதர்’க்குப் பின் ஒருமை, ‘மோஸ்ட் அதர்’க்குப் பின் பன்மை. ‘வெரி ஃபியூ’வில் தொடங்கினால் வினை ‘ஆர்’.